ரிஸ்பாள்: தணல் என்று பெயர் கொண்ட தாய்

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேதாகமப் பெயர்களுக்குக் குறைவில்லை. சாராள், ராகேல், ரூத், அன்னாள், எஸ்தர், மரியாள் என்று ஒவ்வோர் ஊரிலும் பலர் இருப்பார்கள். ஆனால் ரிஸ்பாள் என்ற பெயரில் யாரையாவது தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிப்பார்கள். ஞாயிறு பாடசாலையில் தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை சொல்லப்படும். அதே தாவீது அரசனான பிறகு, அவனுடைய ஆட்சியில் ஒரு பாறையின்மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கதை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

பழைய ஏற்பாட்டில் இந்தப் பெயரைக் கொண்டவர் ஒருவர்தான். அவளுடைய பெயர் வருவதும் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் நான்கு வசனங்களில் மட்டுமே. அந்த நான்கு வசனங்களிலும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இருந்தும் உரையாசிரியர்களும் கவிஞர்களும் ஓவியர்களும் அவளைத் தேடித் தேடி வந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியது. அதன் பொருள் என்ன, அது எங்கெல்லாம் வழங்கியது, போருக்குப் பிந்திய எங்கள் வாழ்க்கையில் அதைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

அரசர்களுக்கு நடுவே ஒரு பெண்

ரிஸ்பாள் இஸ்ரவேலின் முதல் அரசனான சவுலின் மறுமனையாட்டி. சட்டப்படியான அரசி அல்ல, அந்தப்புரத்துப் பெண். அவளுக்கு அர்மோனி, மேவிபோசேத் என இரண்டு மகன்கள்.

சவுல் போரில் இறந்த பிறகு அவளுடைய பெயர் முதன்முறையாக வருகிறது. சவுலின் மகன் இஸ்போசேத், தன் படைத்தலைவனான அப்னேரைப் பார்த்து, என் தகப்பனின் மறுமனையாட்டியிடம் நீ ஏன் போனாய் என்று கேட்கிறான். அன்றைய வழக்கில் இறந்த அரசனின் பெண்ணை எடுப்பது அரியணைக்கு உரிமை கோருவதற்குச் சமம். ஆகவே அது அதிகாரம் பற்றிய கேள்வி. அப்னேர் கோபம்கொண்டு தாவீதின் பக்கம் சாய்கிறான். ஓர் அரசின் தலைவிதியே மாறுகிறது. ஆனால் உண்மையில் அவளுக்கு என்ன நடந்தது, நடந்ததா இல்லையா என்று அவளை யாரும் கேட்கவில்லை. புத்தகமும் சொல்லவில்லை. ஆண்களின் சண்டையில் அவள் ஒரு சாட்டு, அவ்வளவுதான்.

பஞ்சமும் பழிதீர்ப்பும்

அடுத்து அவள் வருவது 21ஆம் அதிகாரத்தில். தாவீதின் ஆட்சியில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பஞ்சம். காரணம் கேட்டபோது, சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழிதான் காரணம் என்ற பதில் வருகிறது.

இந்தக் கிபியோனியர் இஸ்ரவேலர் அல்லர். யோசுவாவின் காலத்தில் ஓர் உடன்படிக்கை மூலம், உங்களைக் கொல்லமாட்டோம் என்று ஆணையிட்டு வாழவிடப்பட்ட சிறு மக்கள் கூட்டம். சவுல் அந்த ஆணையை மீறி அவர்களை அழிக்கப் பார்த்தான். ஆனால் சவுலின் வரலாற்றைச் சொல்லும் முந்தைய அதிகாரங்களில் இந்தப் படுகொலை பற்றி ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகள் கழித்து, பஞ்சம் வந்த பிறகுதான் அப்படியொன்று நடந்ததென்று வாசகருக்கே தெரியவருகிறது. அரச வரலாறுகளில் சிறுபான்மையினரின் சாவுகள் எப்படிப் பதியப்படுகின்றன என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தாவீது அவர்களிடம் கேட்கிறான். வெள்ளியும் பொன்னும் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள் அவர்கள். சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைத் தாருங்கள் என்கிறார்கள். அரசன் ஒப்புக்கொள்கிறான். தன் நண்பன் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குறுதியால் அவனுடைய மகனை மட்டும் தப்பவிடுகிறான். அந்த மகனின் பெயரும் மேவிபோசேத் என்பதால் இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரிஸ்பாளின் இரண்டு மகன்களும், சவுலின் மகள் ஆதரியேலுக்குப் பெற்ற ஐந்து மகன்களும் பிடித்துக் கொடுக்கப்படுகிறார்கள். ஏழு பேரும் ஒன்றாகக் கொல்லப்படுகிறார்கள்.

இங்கே இரண்டு விடயங்களை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒன்று, கிபியோனியரின் துயரம் உண்மையானது. அவர்களும் தங்கள் சாவுகளுக்கு நீதி கேட்டவர்கள். இரண்டு, கொல்லப்பட்ட ஏழு பேர் அந்தக் குற்றத்தைச் செய்தார்கள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. தகப்பன் செய்ததற்காகப் பிள்ளை கொல்லப்படக் கூடாது என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. மேலும், சவுலின் வாரிசுகள் ஒழிவது தாவீதின் அரியணைக்கு வசதியான காரியம் என்பதையும் ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் நியாயமான கண்ணீரை அதிகாரம் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பயன்படுத்தும்போது, மறுபக்கத்தில் இன்னொரு தாய் உருவாகிறாள்.

பாறையின்மேல் விரித்த இரட்டு

ஏழு பேரும் கொல்லப்பட்டது வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில். அந்த நாட்டில் அது ஏறக்குறைய ஏப்ரல் மாதம். எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதற்குப் பயன்படும் எபிரேய வினைச்சொல்லின் பொருள் இன்றும் விவாதத்துக்குரியது. தூக்கிலிடுதல், கழுவேற்றுதல், வெட்டவெளியில் போடுதல் எனப் பலவாறு மொழிபெயர்த்திருக்கிறார்கள். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு, வெயிலில் கிடத்தப்பட்டவர்கள் என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறது. எப்படியாயினும் உடல்கள் இறக்கப்படவில்லை, அடக்கம் செய்யப்படவில்லை. மரத்தில் தொங்கவிடப்பட்ட உடலை அன்றைய தினமே அடக்கம் செய்யவேண்டும் என்பது உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் கட்டளை. இந்த முரண்பாடு யூத அறிஞர்களையும் உறுத்தியது. கட்டளையை மீறி உடல்கள் எப்படி விடப்பட்டன என்று தல்மூத் கேள்வி எழுப்பி விவாதிக்கிறது.

ரிஸ்பாள் விவாதிக்கவில்லை. அவள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள். இரட்டு என்பது சாக்குப் போன்ற முரட்டுத் துணி. அந்தச் சமூகத்தில் துக்கம் காப்பவர்கள் அதை உடம்பில் கட்டிக்கொள்வார்கள். அவளோ அதைப் பாறையின்மேல் விரிக்கிறாள். துக்கத்துக்கு உடுத்தும் துணியே அவளுக்குப் பாயாகிறது. பகலில் பறவைகள் உடல்களைத் தொடாதபடியும் இரவில் காட்டு விலங்குகள் நெருங்காதபடியும் காவல் இருக்கிறாள்.

எத்தனை நாள்? வானத்திலிருந்து அவர்கள்மேல் மழை பெய்யும்வரை என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கோடையில் மழை அரிது. வழமையான முதல் மழைக்கு ஒக்டோபர், நவம்பர் வரை காத்திருக்கவேண்டும். அப்படியானால் அரை ஆண்டுக்கும் மேல். பருவம் தப்பிய மழையாக இருக்கலாம், அதனால் காலம் குறைவாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் அவள் உட்காரும்போது எத்தனை நாள் என்ற கணக்கு அவளிடம் இருந்திருக்காது. அது எப்போது முடியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கிடந்தவர்களில் இரண்டு பேர்தான் அவளுடைய பிள்ளைகள். மற்ற ஐவரும் வேறொருத்தியின் பிள்ளைகள். என் பிள்ளைகள் இவர்கள், மற்றவர்களை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் பிரித்துப் பார்த்ததாகக் கதையில் இல்லை. ஏழு பேரையும் காத்தாள்.

பெயருக்கு என்ன பொருள்?

எபிரேயத்தில் அந்தப் பெயர் 'ரிட்ஸ்பா' என்று ஒலிக்கும். தமிழ் வேதாகமம் அதை ரிஸ்பாள் ஆக்கியது. சாரா சாராள் ஆனது போலவும் மரியா மரியாள் ஆனது போலவும் இங்கேயும் தமிழ் ஒரு பெண்பால் 'ள்' சேர்த்துக்கொண்டது.

இதே எழுத்துகளைக் கொண்ட சொல் எபிரேய வேதாகமத்தில் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, எரியும் தணல். ஏசாயாவின் 6ஆம் அதிகாரத்தில், பலிபீடத்திலிருந்து குறட்டால் எடுத்த தணலைத் தீர்க்கதரிசியின் வாயில் தொடும் காட்சி வருகிறது. அங்கே தணலுக்கு உள்ள சொல் இதுதான். எலியா பாலைவனத்தில் சோர்ந்து படுத்திருந்தபோது அவனுக்குக் கிடைத்த அப்பம் தணலில் சுட்டது என்று சொல்லப்படுகிறதே, அங்கும் இதற்கு நெருங்கிய சொல்தான்.

இரண்டாவது பொருள், கல் பாவிய தளம். எருசலேம் ஆலயத்தின் தளவரிசைக்கும், எஸ்தரின் புத்தகத்தில் வரும் அரண்மனைத் தளத்துக்கும் இச்சொல் பயன்படுகிறது. இன்றைய எபிரேயத்தில் வீட்டுத் தரையைக் குறிக்கும் சாதாரணச் சொல் இது. அன்றாடம் கூட்டித் துடைக்கும் தரையின் பெயரைப் பெண் குழந்தைக்குச் சூட்டப் பெற்றோர் தயங்குவது இயல்பே.

பெயர் அகராதிகள் பெரும்பாலும் தணல் என்ற பொருளையே தருகின்றன. ஆனால் இரண்டுமே அவளுக்குப் பொருந்துகின்றன. அவள் உட்கார்ந்தது கல்லின்மேல். உள்ளே இருந்தது தணல். நீறுபூத்த நெருப்பு என்று நாங்கள் சொல்வோம். மேலே சாம்பல் மூடியிருக்கும், தொட்டால்தான் சுடும். விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில் இரவு தணலைச் சாம்பலால் மூடிவைத்து விடியற்காலையில் கிளறி ஊதி அடுப்பு மூட்டிய அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கற்களை இடைவெளி இல்லாமல் ஒன்றையடுத்து ஒன்றாகப் பதிப்பது என்ற கருத்திலிருந்து, அதே வேரில் இன்றைய எபிரேயம் இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறது. 'ரட்ஸுஃப்' என்றால் இடைவிடாத, தொடர்ச்சியான என்று பொருள். இந்தப் பொருளை அவளுக்குப் பெயர் சூட்டியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அவளுடைய கதையை அறிந்தவர் இதை எளிதில் மறக்கமுடியாது.

பருந்தின் மகள்

அவளுடைய தகப்பனின் பெயர் ஆயா. எங்கள் பேச்சில் உள்ள ஆயாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எபிரேயத்தில் 'அய்யா' என்பது வல்லூறு அல்லது பருந்து இனத்துப் பறவை ஒன்றின் பெயர். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், உண்ணக்கூடாத பறவைகளின் பட்டியலில் இதே சொல் இருக்கிறது. யோபின் புத்தகத்தில், கூரிய கண்ணுள்ள பறவையாக இது வருகிறது.

பருந்தின் மகள், தன் பிள்ளைகளின் உடல்களிலிருந்து பருந்துகளை விரட்டினாள். எழுதியவர் இதை வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலா என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் எபிரேயம் தெரிந்தவரின் காதில் இது விழாமல் போகாது. மூத்த மகன் அர்மோனியின் பெயரும் அரண்மனை என்ற சொல்லோடு தொடர்புடையது. அரண்மனைப் பிள்ளை வெட்டவெளியில் கிடந்தான்.

பெயர் போன இடங்கள்

பெண்களுக்கு இடும் பெயராக இது என்றும் அரிதாகவே இருந்தது. சீர்திருத்தத்துக்குப் பின் இங்கிலாந்திலும், பிறகு அமெரிக்காவிலும் புராட்டஸ்தாந்தக் குடும்பங்கள் புனிதர்களின் பெயர்களை விட்டு, பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பெயர் தேடினார்கள். அந்த வழியில் 'ரிஸ்பா' என்ற பெயர் சில பெண்களுக்குக் கிடைத்தது. பின்னர் அந்த வழக்கமும் மங்கிவிட்டது.

கலையிலும் இலக்கியத்திலும் அது நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர்களான டேர்னரும் லெய்ட்டனும் அவளைத் தீட்டினார்கள். கவிஞர் டெனிசன் 1880இல் வெளியிட்ட தொகுப்பில் 'ரிஸ்பா' என்ற தலைப்பில் ஒரு கவிதை இருக்கிறது. அது வேதாகமக் கதை அல்ல, இங்கிலாந்தில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கதை. தபாலைக் கொள்ளையடித்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட மகனின் உடல் சங்கிலியில் தொங்கவிடப்படுகிறது. அது உக்கி விழும் எலும்புகளை இரவிரவாகப் பொறுக்கி, தேவாலய மதிலோரம் இரகசியமாகப் புதைத்த தாய், சாகும் தறுவாயில் அதைச் சொல்கிறாள்.

அதற்குப் பின்னால் உண்மையான சட்டம் ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில குற்றவாளிகளின் உடலை இரும்புக் கூண்டில் பூட்டி, எல்லோரும் பார்க்கத் தெருவோரத்தில் தொங்கவிடுவார்கள். 1752இல் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம், கொலையாளியின் உடலை வெட்டிச் சோதிக்கக் கொடுக்க வேண்டும் அல்லது சங்கிலியில் தொங்கவிட வேண்டும், அதற்கு முன் அடக்கம் செய்யவே கூடாது என்றது. தொங்கவிடும் வழக்கம் 1834இல்தான் ஒழிக்கப்பட்டது. இறந்தவனுக்கு இதில் எந்த வலியும் இல்லை. அது உயிரோடிருப்பவர்களுக்கான தண்டனை. எந்த நாட்டிலும் உடலைக் கொடுக்க மறுப்பதன் நோக்கம் அதுதான்.

அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கறுப்பினப் பெண் கவிஞர் பிரான்செஸ் ஹார்ப்பரும் ரிஸ்பாளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் பறிக்கப்பட்டு விற்கப்பட்ட தாய்மாரைக் கண்டவர் அவர். இந்தப் பெயர் அவருடைய கவனத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

பஞ்சம் தீர்ந்தது எப்போது?

கதையின் முடிவைப் பலரும் அவசரமாகப் படித்துவிடுகிறார்கள். ரிஸ்பாள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. அவள் அரண்மனை வாசலுக்குப் போகவில்லை. செய்திதான் அரசனிடம் போகிறது. அதைக் கேட்ட பிறகு அவன் எழுந்து யாபேசுக்குப் போகிறான். பல ஆண்டுகளுக்கு முன் பெலிஸ்தர் சுவரில் தொங்கவிட்ட சவுலின் உடலையும் யோனத்தானின் உடலையும் யாபேஸ் ஊரவர்கள்தான் இரவோடிரவாக மீட்டு அடக்கம் செய்திருந்தார்கள். அந்த எலும்புகளை இப்போது அவன் கொண்டுவருகிறான். கொல்லப்பட்ட ஏழு பேரின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. பென்யமீன் நாட்டில் சேலா என்ற ஊரில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. எபிரேய மூலம் அடக்கம் செய்யப்பட்டவர்களாகச் சவுலையும் யோனத்தானையும் மட்டுமே பெயர் சொல்கிறது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு மற்ற ஏழு பேரையும் சேர்த்தே சொல்கிறது.

அதற்குப் பிறகுதான், தேசத்துக்கான வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்ற வரி வருகிறது. ஏழு பேரும் கொல்லப்பட்ட இடத்தில் அந்த வரி இல்லை. பழி தீர்ந்தது, பஞ்சம் நீங்கியது என்று கதை அங்கே முடியவில்லை. பகைவீட்டின் எலும்புகள் என்று விடப்பட்டவை மரியாதையோடு அவரவர் மண்ணில் வைக்கப்பட்ட பிறகே தேசத்துக்கு விடிவு வருகிறது. அந்த இடத்துக்கு அரசனைக் கொண்டுவந்தது மதகுருவோ தீர்க்கதரிசியோ அல்ல. அரசவையில் எந்த இடமும் இல்லாத ஒரு மறுமனையாட்டி.

எங்கள் தாய்மாரை ரிஸ்பாள் என்று அழைக்கலாமா?

இந்தக் கதையைப் படிக்கும் எங்களில் எவருக்கும் கிளிநொச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டகைகள் எழுந்தன. வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மாரும் தந்தைமாரும் பலர்.

ஒப்பிடுவது எளிது. ஆனால் அவசரப்படக்கூடாது என்று நினைக்கிறேன். ரிஸ்பாளுக்குத் தன் பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியும். அவளுக்கு ஒரு பாறையாவது இருந்தது. எங்கள் தாய்மாருக்கு அதுவும் இல்லை. மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் புதைகுழிகள் தோண்டப்பட்டபோது, வெளியே வந்த எலும்புகள் யாருடையவை என்று தெரியாமல் எத்தனையோ பேர் பார்த்து நின்றார்கள். அது என் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் மன்றாடும் நிலை ரிஸ்பாளுக்கு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ரிஸ்பாள் காத்தது உடல்களை. இங்கே பல தாய்மார் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள். உயிரோடு கையில் ஒப்படைத்த பிள்ளையை உயிரோடு திருப்பித் தா என்று கேட்பவர்கள். அவர்களுக்கு ரிஸ்பாள் என்ற பெயரைச் சூட்டினால், உன் பிள்ளை இறந்துவிட்டான் என்று நாங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கில்லை. பெயர் சூட்டுவதில் அன்பு இருக்கலாம், அதில் அதிகாரமும் இருக்கிறது.

அதனால் அந்தப் பெயரை யார்மேலும் சுமத்தாமல், அது சொல்லும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இழப்பீடும் பழிதீர்ப்பும் ஒரு தேசத்தின் கணக்கை முடித்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் எங்கே, என்ன ஆனார் என்று தெரிந்து, உரியவர்களிடம் உரிய மரியாதையோடு ஒப்படைக்கப்படும்வரை அந்தக் கணக்கு திறந்தே இருக்கும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்தைப் பேசும் ஒரு பழைய புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

ரிட்ஸ்பா என்றால் தணல், ரிட்ஸ்பா என்றால் கல் தரை. அதே வேரிலிருந்து வந்த ரட்ஸுஃப் என்றால் தொடர்ச்சி. எங்கள் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தபோது அதற்கு வைத்த பெயரும் தொடர் போராட்டம் என்பதுதான்.